இடது காதில் வராத கேள்விகள்

அந்த ஸ்பாஞ்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் எவ்வளவு பொறுத்துக்கொண்டேன் என்பது யாருக்கும் புரியாது.

ஹெட்போனில் காதை மூடுகிற வட்டமான கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்குமே, அதுதான். எங்கள் ஆபீசில் காலையில் ஒரு ஷிஃப்ட், மத்தியானத்துக்கு மேல் ஒரு ஷிஃப்ட். ஒரே ஹெட்போனை இரண்டு பேர் மாட்ட வேண்டும். திருவனந்தபுரத்தில் பெண்கள் தலைக்குக் குளிக்காமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத் தலையின் நுனியில் மட்டும் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து ஹெட்போனை எடுத்து மாட்டுவார்கள். தேங்காயெண்ணெய், ஈரம், பவுடர், நெற்றியிலிருந்து வழிந்த சந்தனம் எல்லாம் வருஷக்கணக்காக அந்த ஸ்பாஞ்சில் ஊறியிருந்தன. தொட்டால் பிசுபிசுக்கும். அழுத்தினால் ஏதோ கசியும். ஓரத்திலிருந்து கறுப்புத் துகள்கள் உதிர்ந்து காது மடலில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் அம்மா, "காதுல என்னட்டி அழுக்கு?" என்று கேட்பாள். என் அழுக்கு இல்லை அம்மா, ஊர் அழுக்கு.

நான் ஒரு பழைய கைக்குட்டையை இரண்டாகக் கிழித்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்பாஞ்சுக்கு உறை மாதிரி மாட்டிக்கொண்டேன். அதற்குப் பக்கத்து சீட்காரி முகத்தைத் தூக்கினாள். "எங்களுக்கென்ன சொறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு அது ட்ரையல் மாதம். வேலை நிலைக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆபீஸ் என்றால் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆரியசாலையில், வற்றல் மிளகாய் மொத்தக் கடையின் மாடி. கீழே மூட்டை பிரித்தால் மேலே பதினைந்து பேரும் ஒன்றாகத் தும்முவோம். கடை எங்கள் முதலாளியுடைய அப்பாவின் கடை. முதலாளி இளைய மகன், நாற்பது வயதிருக்கும். மிளகாயை அண்ணனிடம் விட்டுவிட்டு, மாடியில் கம்ப்யூட்டர் போட்டு, வெளிநாட்டு ஒலிப்பதிவுகளை டைப் செய்து அனுப்புகிற தொழில் ஆரம்பித்திருந்தார். நாங்கள் அவரை 'சார்' என்போம். சார் ஒரு நாளும் ஹெட்போனை மாட்டி நான் பார்த்ததில்லை. கடையில் மிளகாய் மூட்டை எத்தனை போயிற்று என்று பார்ப்பது போல, எத்தனை ஃபைல் போயிற்று என்று மட்டும் பார்ப்பார்.

வேலை இதுதான். அமெரிக்காவில் விபத்து நடந்து ஒருவர் நஷ்டஈடு கேட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி அவரைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். அந்தப் பேச்சு முழுவதையும் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் கேட்டு, கேள்வி பதிலாக டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். குரல்கள் கலந்துவிடாமல் இருக்க, அதிகாரியின் குரல் இடது காதிலும் விபத்தில் மாட்டியவரின் குரல் வலது காதிலும் வருகிற மாதிரி பதிவு செய்திருப்பார்கள். கேள்வி இடது, பதில் வலது. நாங்கள் டைப் செய்ததை வைத்துத்தான் அங்கே ஒருவருக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்று முடிவாகும்.

சரியாகக் கேட்காத இடத்தில் இடம் விட்டு, 'கேட்கவில்லை' என்று குறித்து அனுப்பலாம். அதற்கு ப்ளாங்க் என்று பெயர். உலகத்தில் எல்லா இடத்திலும் அது வழக்கம். எங்கள் ஆபீசில் கிடையாது. ஏன் கிடையாது என்பது இந்த ஊர்க் கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சாலை பஜாரிலும் ஆரியசாலையிலும் கடை வைத்திருக்கும் நம் தமிழ் ஆட்கள் வந்தவரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். கேட்ட சரக்கு இல்லாவிட்டால் 'நாளைக்கு வரும்' என்பார்கள். அல்லது, 'இதைக் கொண்டு போங்க, அதைவிட இது ஒசத்தி' என்று வேறொன்றைக் கட்டிக் கொடுப்பார்கள். என் அப்பாவும் சாலை பஜாரில் பருப்புக் கடையில் இருந்தவர்தான். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். சார் அந்த வழக்கத்தைப் பத்திரமாக மாடிக்கும் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். "ப்ளாங்க் வெச்சா கடையில சரக்கு இல்லைன்னு சொன்ன மாதிரியாக்கும். எதையாவது வெச்சு நெறச்சு அனுப்பணும், கேட்டோ" என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன ஒரே உபதேசம் அதுதான்.

நான் சேர்வதற்குச் சற்று முன்னால்தான் அந்த ஆபீஸ் இலவச மென்பொருளான லினக்ஸுக்கு மாறியிருந்தது. அதுவரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தது திருட்டுக் காப்பி. எங்கேயோ சோதனை நடந்ததாகச் செய்தி வந்ததும் சார் பயந்துபோனார். தன் மச்சானை, அதாவது மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, அதையே மற்ற எல்லாவற்றுக்கும் அச்சாகப் பிரதி எடுத்துவிட்டுப் போனாராம். மறுநாள் சார் கதவில் லினக்ஸின் சின்னமான பென்குவின் படத்தை ஒட்டிவிட்டு, மென்பொருள் சுதந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார் என்றார்கள். பயத்தில் ஓடியவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினால் கேட்கவே கூசும். நல்லவேளை, நான் அப்போது இல்லை.

அந்தச் சுதந்திரம் வந்த நாள் முதல் ஹெட்போனில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது.

இதை எனக்குச் சொன்னது எங்கள் சேச்சி. கரமனை அக்ரகாரத்துக்காரி, ஐம்பதை நெருங்குகிறவர். எங்கள் டைப்பிங்கைச் சரிபார்த்து அனுப்புவது அவர் பொறுப்பு. தமிழச்சிதான் என்றாலும் அக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை, ஆபீசில் எல்லோருக்கும் அவர் சேச்சி. நான் முதல் ஃபைலைத் திறந்துவிட்டு, "சேச்சி, இடது காதுல ஒண்ணுமே வரலியே" என்றபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வராதுடீ. இந்த லினக்ஸு வந்ததுலேர்ந்தே அப்படியாக்கும். சார் சரியாக்கித் தரேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"கேள்வியே கேக்காம எப்படி சேச்சி டைப் பண்றது?"

"பதில் கேக்கறதோன்னோ? அதுக்கேத்த கேள்வியைப் போட்டுக்கோ. எல்லாம் ஒரே கேள்விதான். பேர் என்ன, எங்கே விழுந்தேள், எந்தக் கால்ல அடி, முன்னாடி விழுந்திருக்கேளா. எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிடுவேன்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். வருஷக்கணக்காக இரண்டு காதாலும் கேட்டு டைப் செய்தவர். அந்த அதிகாரிகளின் கேள்விகள் அவருக்கு மனப்பாடம். எனக்கோ கேட்கவே அருவருப்பாக இருந்தது. சத்தியம் செய்து சொன்ன பதிலுக்குக் கேட்காத கேள்வியை எழுதி, அதைக் கேட்டதாக அனுப்புகிறார்கள். சுற்றிப் பார்த்தேன். பதினைந்து பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாத இடது காதின் மேல் எண்ணெய் ஊறிய ஸ்பாஞ்சை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் செய்தார்கள்.

அடுத்தடுத்து வந்த ஃபைல்களில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை காலில் அடிபட்ட ஆண்கள் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள், சேச்சி சொன்ன கேள்விகள் பொருந்தின. அப்புறம்தான் அந்த அம்மாவின் ஃபைல் வந்தது.

வயதான குரல். வாடகை வீட்டு மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் என்று மேலே குறிப்பில் இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை விசாரித்திருக்கிறார்கள். இது இரண்டாவது தடவை கூப்பிட்டு எடுத்த பதிவு. பெயரைச் சொன்னார், முகவரியைச் சொன்னார். அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு வெகுநேரம் வலது காதிலும் மௌனம். இடது பக்கம் அதிகாரி எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. பிறகு அந்த அம்மா ஆங்கிலத்தில், "இல்லை மேடம். நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார். மறுபடி மௌனம். "இல்லை, இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை. அது யார் எழுதியது?" என்றார். அந்தக் கடைசிக் கேள்வியில் குரல் உடைந்துவிட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. "மேடம், லைனில் இருக்கிறீர்களா?"

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எதைச் சொல்லவில்லை? எதை யார் எழுதியது? அவருக்குப் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது முழுக்க அந்த மௌனத்துக்குள் இருந்தது. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சேச்சியிடம் காட்டினேன். அவர் மனப்பாடத்தில் இருந்த எந்தக் கேள்வியும் அதற்குப் பொருந்தவில்லை.

"முன்னாடி வலி இருந்துதான்னு கேட்டிருப்பா. அதையே போட்டுடு" என்றார்.

"'அது யார் எழுதினது'ன்னு வலிக்கா சேச்சி பதில் சொல்லுவாங்க?"

நான் அந்த ஃபைலை டைப் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். அந்த இடது காதைத் திறக்காமல் விடுவதில்லை என்றும்.

ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் என் காது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இப்போது இடது காதில் குரல் வந்தது, வலது செத்துப் போயிற்று. ஆக என் காதில் கோளாறில்லை. அடுத்து ஹெட்போன். வீட்டிலிருந்து தம்பியின் சின்ன கேசட் பிளேயரைக் கொண்டுவந்து அதில் செருகினேன். இரண்டு பக்கமும் பாட்டு கணீரென்று வந்தது. அந்த நாற்றம் பிடித்த ஸ்பாஞ்சின்மேல் பழியில்லை. எனக்கு அதில் ஏமாற்றம்தான். மூன்றாவது, கம்ப்யூட்டர். முன்பக்க ஓட்டையிலிருந்து பிடுங்கிப் பின்பக்க ஓட்டையில் செருகினேன். மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தவழ வேண்டியிருந்தது. அங்கே மிளகாய்த் தூசியும், தலைமுடிச் சுருளும், எப்போதோ விழுந்த பழம்பொரியின், அதாவது வாழைப்பழ பஜ்ஜியின், ஒரு துண்டும் கிடந்தன. பழம்பொரிமேல் எறும்புகூட இல்லை. எறும்பே வேண்டாம் என்று ஒதுக்கியதன் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு செருகினேன். அப்போதும் இடது வரவில்லை. மற்ற மேசைகளிலும் போய்ச் செருகிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடது, அதே மௌனம்.

பதினைந்து ஓட்டையும் ஒரே நாளில் ஒரே பக்கம் கெட்டுப் போகாது. ஆக கேடு கம்பியில் இல்லை. மச்சான் பிரதி எடுத்த அந்த லினக்ஸுக்குள்தான் எங்கோ இருந்தது.

லினக்ஸைப் பற்றி எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. இணையத்தில் அதற்கென்று ஒரு கலந்துரையாடல் குழு இருந்தது. பதிவு செய்துகொண்டு, என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி உதவி கேட்டேன். சாப்பாட்டு நேரம் முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதில்கள் வந்தன. அதற்கு வராமலே இருந்திருக்கலாம். ஒருவர், கேட்பதற்கு முன்னால் கையேட்டைப் படித்தாயா என்று கேட்டார். இன்னொருவர், நீ கேள்வி கேட்ட விதமே தவறு என்று சொல்லி, கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரையின் சுட்டியைக் கொடுத்தார். மூன்றாமவர் நான் வைத்திருக்கிற லினக்ஸ் வகையே மட்டம் என்றார். அதற்கு நான்காமவர் கோபப்பட, அவர்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த அம்மாவின் குரல் காதில் இருந்தது. இவர்களுக்கு அவரவர் மேதாவித்தனம். படிக்கப் படிக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஒருவர் மட்டும் ஒற்றை வரி எழுதியிருந்தார். கறுப்புத் திரையைத் திற, 'ஆல்சாமிக்சர்' என்று டைப் செய், பட்டைகளைப் பார். அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

செய்தேன். திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டைகள் வரிசையாக எழும்பின. ஒவ்வொரு பட்டையும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஜோடியாக இருந்தது. எல்லா ஜோடியும் சமமாக நின்றன. ஹெட்போன் என்று எழுதியிருந்த ஜோடியில் மட்டும் வலது உச்சிவரை சிவந்து நிற்க, இடது தரையோடு தரையாகப் பூஜ்யத்தில் கிடந்தது. மேல் அம்பை அழுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். இடதை மட்டும் ஏற்றுவதற்குத் தனிச் சாவி. உதவிப் பக்கத்தைத் திறந்து தேடினேன். கியூ என்ற எழுத்து. அதை அழுத்தினேன். இடது பட்டை ஒரு படி எழுந்தது. விடாமல் அழுத்தினேன்.

அந்த அம்மாவின் ஃபைலை முதலிலிருந்து போட்டேன். இடது காதில் ஒரு பெண் அதிகாரியின் குரல் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷம் அந்த மௌனம் வருகிற வரைக்கும்தான்.

அதிகாரி சொன்னது இதுதான். "அம்மா, உங்கள் முதல் வாக்குமூலத்தின் டைப் செய்த பிரதி என் கையில் இருக்கிறது. அதில் இருப்பதை அப்படியே படிக்கிறேன். கேள்வி: இதற்கு முன் நீங்கள் எப்போதாவது விழுந்ததுண்டா? பதில்: ஆமாம் மேடம், இரண்டு தடவை. நீங்கள் அடிக்கடி விழுகிறவர் என்றால், படிக்கட்டின்மேல் குறை சொல்ல முடியாது. புரிகிறதா?"

அதற்குத்தான் அந்த அம்மா, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார். அதற்குத்தான், "அது யார் எழுதியது?" என்று கேட்டார்.

யார் எழுதியது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அனுப்பிய ஃபைல்களை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியோடு ஒப்பந்தம். அதனால் முதல் வாக்குமூலத்தின் ஒலிப்பதிவும் இருந்தது. தேடி எடுத்து, சேச்சியைக் கூப்பிட்டேன். அதை டைப் செய்தது அவர்தான். ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். ஒலி வெளியே கசிகிற அளவுக்கு ஏற்றியிருந்ததால் எனக்கும் கேட்டது. வேறொரு பெண் அதிகாரியின் குரல் கேட்டது: "அந்த ஓட்டைப் படியைப் பற்றி வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னதுண்டா?" வலது பக்கம் அந்த அம்மா: "ஆமாம் மேடம். இரண்டு தடவை."

சேச்சி அந்த இடத்தை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். மனப்பாடமாக இருந்த அந்தக் கேள்விதான் அவரைக் கவிழ்த்திருந்தது.

"பாவி நான், அந்தக் கிழவியோட வாயில இதை வெச்சு அடைச்சேனேடீ" என்றார் மெதுவாக. அழவில்லை. தன் மேசைக்குப் போய், இடது பட்டையை ஏற்றி, முதல் வாக்குமூலத்தை ஆரம்பத்திலிருந்து புதிதாக டைப் செய்ய உட்கார்ந்தார். நான் இரண்டாவதை டைப் செய்தேன். இரண்டையும் முடித்துச் சேர்த்து அனுப்பினால்தான் அங்கே இருக்கிறவர்களுக்கு விஷயம் விளங்கும்.

முடிக்கிற நேரத்துக்குக் கீழேயிருந்து சார் ஏறி வந்தார். நான் முட்டாள். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னால் மகிழ்ச்சி அடைவார் என்று நினைத்தேன்.

"சார், ஹெட்போன்ல இடது பக்கம் பூஜ்யத்துல இருந்தது. ஏத்தியாச்சு. இப்போ ரெண்டு பக்கமும் கேக்குது."

சார் சிரித்தார். "மோளே, அது கேடு ஒண்ணும் இல்ல. நான் மச்சான்கிட்ட சொல்லி வெச்சதாக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவரே பொறுமையாக விளக்கினார். கேள்வி எப்போதும் ஒன்றேதான். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து அதையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் போகிறது. கேள்வியை ஊமையாக்கிவிட்டால் கை வேகமாக ஓடும். இப்போது பார், முன்னைவிட எவ்வளவு ஃபைல் போகிறது. லினக்ஸ்மேல் பழியைப் போட்டால் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வற்றலில் காம்பைக் கலந்து எடை கட்டுகிறவன்கூட அதை இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல மாட்டான். நான் அந்த மேசைக்கடியில் பழம்பொரிக்குப் பக்கத்தில் தவழ்ந்தது, ஊர் பெயர் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கியது எல்லாம் இந்த ஆள் வேண்டுமென்றே மூடிவைத்த ஒரு காதைத் தேடி. அவர் சிரித்துக்கொண்டு நின்றதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

சேச்சி எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னார். முதல் வாக்குமூலத்தில் தான் போட்ட தவறான கேள்வி, அதை அந்த அதிகாரி படித்துக் காட்டியது, அந்த அம்மா மறுத்தது, எல்லாவற்றையும். சாரின் சிரிப்பு நின்றது. என் திரையில் இருந்ததைக் குனிந்து படித்தார்.

"போன லோடு போயி. அதை இனி தொடண்டாம்" என்றார் சேச்சியிடம். பிறகு என் பக்கம் திரும்பி, திரையில் அதிகாரி பிரதியைப் படித்துக் காட்டுகிற அந்த வரிகளின்மேல் விரலை வைத்தார். "இந்த இடத்துல கேக்கலைன்னு போடு."

"நல்லா கேக்குதே சார்."

"கேட்டாலும் வேண்டாம். இங்க ஒரு ப்ளாங்க் வெச்சிரு."

ப்ளாங்க். அந்த மாடியில் எந்நாளும் அனுமதிக்கப்படாத ப்ளாங்க். ஒன்றும் கேட்காத இடத்தில் வாயில் வந்ததையெல்லாம் நிரப்பி அனுப்பச் சொன்னவர், கணீரென்று கேட்கிற ஒரே இடத்தில் சரக்கு இல்லை என்று எழுதச் சொன்னார். என் ட்ரையல் மாதம் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. "முடியாது சார்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் சேச்சி ஒரு காரியம் செய்தார். என் மேசையிலிருந்து ஹெட்போனை எடுத்தார். நான் போட்டிருந்த கைக்குட்டை உறை இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். "சார், ஒரு நிமிஷம் கேளுங்கோ. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ" என்று சொல்லி, அதை அவர் தலையில் மாட்டி, அந்த இடத்திலிருந்து ஓட விட்டார்.

வருஷக்கணக்காக ஊரார் காதில் ஊறிய ஸ்பாஞ்ச் முதல் தடவையாக அவர் காதில் பதிந்தது. கீழே கடையில் யாரோ மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அவர் முகத்தையே நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகாரி படிக்கிறார். அந்த அம்மா மறுக்கிறார். யார் எழுதியது என்று கேட்கிறார். சாரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்துவிட்டது.

அவர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து ஒரு காதைத் துடைத்தார், மற்ற காதைத் துடைத்தார், துடைத்ததை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"அய்யே! இதென்னொரு நாத்தம்! இதை ஆரும் கழுவறதில்லையா?" என்றார்.

சேச்சி தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அனுப்புகிற வசதி அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. முதல் வாக்குமூலத்தின் திருத்திய பிரதியையும், நான் முடித்திருந்த இரண்டாவதையும் ஒன்றாகச் சேர்த்து, சார் இன்னும் காதைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே அனுப்பிவிட்டார்.

அந்தக் கம்பெனியிலிருந்து அதன் பிறகு எங்களுக்கு ஃபைல் வரவில்லை. என்னை மறுநாளே வரவேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். சேச்சி தானாகவே நின்றுகொண்டார். அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு கிடைத்ததா என்று எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

சில நாள் கழித்து, பாக்கிச் சம்பளம் வாங்க ஆரியசாலைக்குப் போனேன். மாடியில் பாதி நாற்காலி காலி. மீதி இருந்தவர்கள் வேறு ஏதோ வேலையாக டைப் செய்துகொண்டிருந்தார்கள். எல்லா ஹெட்போனிலும் புத்தம்புதிய ஸ்பாஞ்ச் போட்டிருந்தது.